அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு வரி

ஜன்னல் பக்கம் நீங்களே உக்காருங்க சார். எனக்கு இந்த ஓரம்தான் வேணும். இங்க உக்காந்தாத்தான் முன்னாடி மூணாவது சீட்டு தெரியும். பச்சைத் துண்டு போட்ட ஆள் ஒருத்தர் இருக்காரு பாருங்க, கம்பியைப் பிடிச்சுக்கிட்டு. நல்லா பாருங்க, வலது கை. கட்டை விரலும் ஆள்காட்டி விரலும்தான் இருக்கு, மத்த மூணும் இல்லை. அவருதான் எங்க மச்சான், தவசி. எங்க அக்கா பேச்சியம்மா வீட்டுக்காரரு. அந்த மூணு விரலை வெட்டினது நான்தான்.

எந்திரிக்காதீங்க சார். உக்காருங்க. நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை, அதைச் சொல்லத்தான் வர்றேன். என் பேரு சேர்மக்கனி. வால்பாறையில யாரை வேணாலும் கேட்டுப் பாருங்க, ஒரு தப்பு தண்டாவுக்குப் போனவன்னு ஒருத்தரும் சொல்ல மாட்டாங்க. போன மாசம் நீங்க காலேஜ் பசங்களைக் கூட்டிக்கிட்டு எங்க எஸ்டேட்டுக்குக் குரங்கு பாக்க வந்தீங்கள்ல? அப்பவே உங்களைப் பாத்தேன். விலங்கியல் வாத்தியாருன்னு வேன் டிரைவர் சொன்னாரு. இன்னைக்குன்னு பாத்து நீங்க இந்த பஸ்ல ஏறியிருக்கீங்கன்னா, அது சும்மா இல்லை சார்.

இன்னைக்கு எனக்கு பொள்ளாச்சி கோர்ட்டுல கேஸ். மச்சான் இன்னைக்குத்தான் கூண்டுல ஏறிச் சாட்சி சொல்றாரு. வெட்டினவனுக்கும் வெட்டுப்பட்டவருக்கும் ஒரே பஸ். கோர்ட்டு நேரத்துக்குப் போய்ச் சேரணும்னா ரெண்டு பேருக்கும் இதை விட்டா வேற வழியில்லை. ஒரு வருஷம் ரெண்டு மாசமா அவரு என்கூடப் பேசலை. காலையில பஸ் ஸ்டாண்டுல என்னைப் பாத்தாரு. திட்டலை, மூஞ்சியைத் திருப்பலை. குரங்கைப் பாக்குற மாதிரி பாத்தாரு. கேவலமான்னு நினைக்காதீங்க, கவனமா. எங்க வேலையில அப்படித்தான் பாக்கணும்.

உங்ககிட்ட ஒரே ஒரு கேள்விதான் சார். படிச்சவங்க நீங்க. மனுஷனுக்கு அடிக்கிற புத்தி ரத்தத்துலயே இருக்கா இல்லையா? லட்சக்கணக்கான வருஷமா வந்ததுதானே அது? ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும். அதை நான் எங்க வக்கீல்கிட்ட சொல்லிக்குவேன்.

யோசிக்கிறீங்க. சரி, யோசிங்க. நாப்பது கொண்டை ஊசிப் பெண்டு இருக்கு, இப்பத்தான் ரெண்டு இறங்கியிருக்கோம்.

நானும் மச்சானும் ஒரே வேலை பாத்தோம் சார். எஸ்டேட்டுக்கு நடுவுல ஒரு துண்டுக் காடு மிச்சம் இருக்கு. அதுல சிங்கவால் குரங்கு ரெண்டு கூட்டம். பெங்களூர்ல இருந்து ரோஹிணின்னு ஒரு மேடம் ஆராய்ச்சிக்கு வந்தாங்க. எங்க ரெண்டு பேரையும் வேலைக்கு வச்சாங்க. காட்டுக்கு மேற்கால இருக்கிற கூட்டம் எனக்கு, ஓடைப் பக்கத்துக் கூட்டம் மச்சானுக்கு. காலையில ஆறு மணியிலிருந்து சாயங்காலம் ஆறு வரைக்கும் குரங்கு பின்னாடியே போகணும். கையில நோட்டு. அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு வரி. மணி, எந்தக் குரங்கு, என்ன பண்ணுது. தின்னுதா, உக்காந்திருக்கா, பேன் பாக்குதா, அடிச்சுக்குதா. அவ்வளவுதான்.

இதுல மேடம் ஒரு சட்டம் வச்சிருந்தாங்க. பாத்ததை எழுது, காரணத்தை எழுதாதே. பொறாமையில அடிச்சதுன்னு எழுதினா அடிச்சுடுவாங்க, அந்த வரியை. 'பொறாமையை நீ பாத்தியா சேர்மக்கனி? நீ பாத்தது கையைத்தானே?' அப்படிம்பாங்க. எனக்கு அது என்னைக்குமே ஒத்துவரலை சார். காரணம் இல்லாம ஒரு காரியம் உண்டா? காரணத்தை விட்டுட்டு எழுதினா அதுல என்ன இருக்கு?

மத்தியானம் டீ குடிக்கிறப்ப மேடம் நிறையச் சொல்லுவாங்க. நாமளும் குரங்கும் ஒரே வழியில வந்தவங்களாம். நாம சண்டை போடுறதும் அங்க இருந்து வந்ததா, ஒண்ணுகூடி இருக்கிறதும் அங்க இருந்து வந்ததா, இல்ல பின்னாடி நாமளா கத்துக்கிட்டதா, அதைப் பாக்கத்தான் இந்த எழுத்தெல்லாம்னு சொல்லுவாங்க. ஆப்பிரிக்காவுல சிம்பன்சி இருக்காம். நாலஞ்சு ஆண் சேர்ந்துக்கிட்டு, சத்தமே போடாம எல்லையில வரிசையா போகுமாம். எதிர்க்கூட்டத்துல ஒண்ணு தனியா மாட்டுச்சுன்னா அடிச்சே கொன்னுடுமாம். கேட்டப்ப எனக்கு மயிர்க்கூச்செறிஞ்சுது. இன்னொரு ஜாதிக் குரங்கு இருக்காம், அது முன்னப்பின்ன தெரியாததுக்குக்கூடத் தன் பழத்தைக் குடுக்குமாம். அந்தக் கதையை நான் அவ்வளவா காதுல வாங்கலை. டீ கிளாஸ் கழுவப் போயிட்டேன்னு நினைக்கிறேன்.

மச்சான் ஒருநாள் கேட்டாரு, 'அப்ப நம்ம உள்ள எது மேடம் இருக்கு?'ன்னு. மேடம் சொன்னாங்க, 'ரெண்டும் பழசுதான் தவசி. எது எப்ப வெளிய வருதுங்கிறதுதான் கேள்வி.' இவரு அதுக்கு ரொம்ப நேரம் தலையை ஆட்டிக்கிட்டு இருந்தாரு. எல்லாத்துக்கும் தலையை ஆட்டுற ஆளு.

இந்தாளு நோட்டைப் பாத்திருக்கணும் நீங்க. சிரிப்பு வரும். பத்து மணி, பேன் பாக்குது. பத்து அஞ்சு, பேன் பாக்குது. பத்து பத்து, உக்காந்திருக்கு. பத்தேகால், ஒண்ணோட குட்டியை இன்னொண்ணு வாங்கி வச்சிருக்கு. ஒரு பக்கம் முழுக்க இதேதான். 'என்ன மச்சான், உங்க கூட்டம் குரங்கா இல்ல கல்யாண வீட்டுப் பொம்பளைங்களா?'ன்னு கேட்பேன். சிரிச்சுக்குவாரு. என் நோட்டு அப்படி இல்லை சார். படிக்க ஆரம்பிச்சா கீழ வைக்க மாட்டீங்க. கடி, துரத்தல், பல்லைக் காட்டுறது, கொப்பை உலுக்குறது. ஒரு நாளைக்குப் பத்துச் சண்டைக்குக் குறையாது.

ஒண்ணரை வருஷம் கழிச்சு மேடம் ரெண்டு நோட்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தாங்க. அப்புறம் திடீர்னு சொன்னாங்க, நீங்க ரெண்டு பேரும் கூட்டத்தை மாத்திக்குங்கன்னு. ஓடைக் கூட்டம் எனக்கு வந்துது, என் கூட்டம் மச்சானுக்குப் போச்சு. இங்கதான் சார் அதிசயம். நான் போன ரெண்டாவது நாளே ஓடைக் கூட்டத்துல சண்டை ஆரம்பிச்சுடுச்சு! நாளைக்குப் பத்து, பன்னெண்டு. அந்தப் பக்கம் என் பழைய கூட்டம் மச்சான்கிட்ட போனதும் சாதுவாயிடுச்சு. பேன், பேன், பேன். இதுக்கு என்ன சொல்றீங்க? குரங்குக்கு ஆள் தெரியும் சார். பாக்குறவன் துடிப்பா இருந்தா அதுவும் துடிப்பா இருக்கும். இதை நான் மேடம்கிட்டயே சொன்னேன். அவங்க என்னை ரொம்ப நேரம் பாத்தாங்க. அடுத்த ஒரு வாரம் அவங்களே தனியாக் காட்டுக்குள்ள போய் ஓடைக் கூட்டத்தைப் பாத்துட்டு வந்தாங்க.

அதுக்கப்புறம் ஒருநாள் கூப்பிட்டாங்க. அடுத்த வருஷத்துக்கு ஒரு ஆளுக்குத்தான் வேலை இருக்கு, தவசி இருக்கட்டும்னாங்க. என்னை விட அவரு என்னத்தைக் கிழிச்சாரு சார்? நான் அவரை விட வேகமா நடப்பேன். மரம் பேரு அத்தனையும் எனக்குத் தெரியும். 'உன் நோட்டை என்னால நம்ப முடியலை சேர்மக்கனி'ன்னாங்க. சத்தம் போட்டுச் சொன்னா பரவாயில்லை. மெதுவாச் சொன்னாங்க, மச்சான் பக்கத்துல நிக்கிறப்ப.

போட்டுக்குடுத்தது அவருதான். வேற யாரு? நான் போய் நேராவே கேட்டேன். 'நான் ஒண்ணும் சொல்லலை மாப்ளே, மேடமே போய்ப் பாத்துட்டு வந்தாங்க'ன்னாரு. அப்புறம் சொல்றாரு, 'வேணும்னா நானும் வேண்டாம்னு சொல்லிடறேன், ரெண்டு பேரும் பழையபடி தேயிலைச் செடி வெட்டுற கவாத்து வேலைக்கே போயிடுவோம்.' பாத்தீங்களா திமிரை? எனக்காக விட்டுக்குடுக்கிறாராம்.

எத்தனாவது பெண்டு சார் இது? முப்பத்தொண்ணா? அட்டகட்டி வந்துரும் இப்ப.

அடுத்தது ஒரு மூணு நாள் கதை. இதை எங்க வக்கீல்கிட்டக்கூட நான் சொல்லலை. உங்ககிட்டச் சொல்றேன், நீங்க இதை ஆராய்ச்சிக் கண்ணோட பாப்பீங்க. வேலை போயிடுச்சு, ஆனா காலையில அஞ்சு மணிக்கு முழிப்பு வந்துரும். கால் சும்மா இருக்காது. கையில எழுதாத நோட்டு ஒண்ணு மிச்சம் இருந்துச்சு. நானும் காட்டுக்குள்ள போனேன். குரங்கு பின்னாடி போறதுக்கு எனக்கு உரிமை இல்லைன்னாங்க. அதனால மச்சான் பின்னாடி போனேன். மறைஞ்சு மறைஞ்சுதான், அம்பது அறுபது அடி தள்ளி. அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு வரி எழுதினேன். ஆறு பத்து, தவசி ஓடையைத் தாண்டுறாரு. ஆறேகால், கால்ல கடிச்ச அட்டையைப் பிடுங்கிப் போடுறாரு. இந்த மாதிரி. பழக்கதோஷம் சார், வேற ஒண்ணுமில்லை. மூணு நாள்.

கத்தியா? காட்டுக்குள்ள போறவன் கத்தி இல்லாமப் போவானா? மேடம்கிட்ட வேலை பாத்த ரெண்டு வருஷமும் நான் கத்தி கொண்டு போனதில்லைதான், ஒரு செடியைக்கூட வெட்டக் கூடாதுன்னு அவங்க சொல்லியிருந்தாங்க. இப்பத்தான் நான் அவங்க ஆள் இல்லையே. வீட்டுல கிடந்த கவாத்துக் கத்தியை எடுத்துக்கிட்டேன். சாணை பிடிச்சு வச்சிருந்தேன். கத்தின்னா சாணை பிடிக்கத்தான் செய்வாங்க.

மூணாவது நாள், மத்தியானம் மூணே முக்கால். மேட்டுல ஒரு பலா மரம், அதுக்குக் கீழ அவரு நிக்கிறாரு. நான் பின்னாடி. கிட்டப் போனேன். சருகு சத்தம் கேட்டுத் திரும்பினாரு. திரும்பி, கையை ஓங்கினாரு. என் மூஞ்சிக்கு நேரா. அவ்வளவுதான் சார் எனக்குத் தெரியும். கண்ணு இருட்டிக்கிட்டு வந்துச்சு. கை தானாப் போச்சு. ஒரு நொடி! கண்ணை மூடித் திறக்கிற நேரம். அந்த நேரத்துல நான் எங்க சார் இருந்தேன்? எனக்கு முன்னாடி லட்சம் வருஷமா இருந்தவன் எவனோ என் கையை எடுத்து வீசியிருக்கான். நான் அதுக்குப் பொறுப்பா?

ஆனா அப்புறம் நடந்ததை நீங்க கேக்கணும். அவரை என் முதுகுல தூக்கினவன் நான்தான். அவரு எழுவது கிலோவுக்குக் குறைய மாட்டாரு. மழை பேஞ்ச வழுக்குத் தரை, ரெண்டு மைலு, ஏத்தமும் இறக்கமுமா. ஒரு இடத்துலயும் கீழ வைக்கலை. அவரு ரத்தம் என் சட்டையில நனைஞ்சு முதுகு சுடுது. 'மாப்ளே, மெல்லப் போ, விழுந்துராதே'ன்னு சொல்லிக்கிட்டே வந்தாரு.

கீழ கொழுந்து பறிச்சுக்கிட்டு இருந்த பொம்பளைங்க பாத்துட்டாங்க. எங்க எஸ்டேட்டுல மேல்லைன், கீழ்லைன்னு ரெண்டு வரிசை வீடு. ரெண்டுக்கும் தினம் தண்ணிக் குழாயில சண்டை, குடத்தால மண்டையை உடைச்சுக்கிட்ட கதையெல்லாம் உண்டு. அன்னைக்கு ரெண்டு லைன் பொம்பளைங்களும் கூடையைப் போட்டது போட்டபடி ஓடி வந்தாங்க. ஒருத்தி இடுப்புல கட்டியிருந்த சாக்கை அவுத்துக் கையில சுத்துறா. ஒருத்தி டிராக்டரை மறிக்க ஓடுறா. நாலு பேரு, யாரும் சொல்லாமலே, விரல் எங்க விழுந்துச்சுன்னு என்னைக் கேட்டுக்கிட்டுக் காட்டுக்குள்ள ஓடினாங்க. அட்டைக் கடியில, முட்டி போட்டு, சருகைக் கிளறித் தேடியிருக்காங்க. ரெண்டு கிடைச்சுது. சோத்து டப்பாவைக் கழுவி அதுல வச்சு, பின்னாடியே ஜீப்புல ஆஸ்பத்திரிக்குக் கொண்டாந்தாங்க. நேரமாயிடுச்சுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. அந்த டப்பாவைப் பிடிச்சுக்கிட்டு வந்தவ மேல்லைன்காரி. எங்க அக்காகூட மூணு வருஷமாப் பேச்சுவார்த்தை இல்லாதவ. அவ அழுத அழுகை அக்காகூட அழலை.

அக்கா அழலை. என்னைப் பாத்து ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா. 'எத்தனை நாளா கத்தியோட போனே?' அதோட வாசப்படி மிதிக்கக் கூடாதுன்னுட்டா.

போலீஸ்ல நான் மறைக்கலை சார். வெட்டினேன்னு ஒத்துக்கிட்டேன். அவரு கையை ஓங்கினாரு, கோபத்துல ஒரு நொடியில நடந்து போச்சுன்னு எழுதிக் குடுத்திருக்கேன். மச்சான் போலீஸ்கிட்ட, 'வெட்டினான். மத்ததைக் கோர்ட்டுல சொல்றேன்'னு மட்டும் சொல்லிட்டாரு. எங்க வக்கீல் என்ன சொல்றாருன்னா, திடீர்க் கோபம்னு ஜட்ஜய்யா நம்பினா தண்டனை கம்மியா முடிஞ்சுரும். முன்னாடியே திட்டம் போட்டுச் செஞ்சதுன்னு வந்துச்சு, வருஷக்கணக்குல உள்ளதான். எனக்கு ஒரு பொண்ணு இருக்கா, பத்தாவது படிக்கிறா.

இப்பப் புரியுதா என் பயம்? அந்த நோட்டு. மூணு நாள் நோட்டு. அது அன்னைக்கு மரத்தடியிலயே விழுந்துடுச்சு. நான் அவரைத் தூக்கக் குனிஞ்சப்ப, நல்லா இருந்த இடது கையால அவரு அதை எடுத்துச் சட்டைக்குள்ள விட்டுக்கிட்டாரு. விரல் துண்டாகி ரத்தம் ஊத்துறப்ப ஒரு மனுஷன் நோட்டை எடுப்பானா? அவரு எடுத்தாரு. இன்னைக்கு வரைக்கும் யாருகிட்டயும் காட்டலை. அதோ மடியில மஞ்சப்பை வச்சிருக்காரே, அதுக்குள்ள இருக்கு. காலையில அவரு டிக்கெட்டுக்குச் சில்லறை தேடினப்ப நீல அட்டை தெரிஞ்சுது. கோர்ட்டுக்குக் கொண்டு போறாரு. எதுக்குக் கொண்டு போறாரு?

என்ன கேட்டீங்க?

மறுபடி சொல்லுங்க.

வெட்டினது லட்சம் வருஷத்து ரத்தம்னா தூக்கினது யாருன்னா? தூக்கினது நான் சார். அதுல என்ன சந்தேகம்? எவ்வளவு கஷ்டப்பட்டுத் தூக்கினேன்! அதைப் போய்க் குரங்குக்குக் குடுப்பீங்களா? அந்தப் பொம்பளைங்களா? அவங்க நல்லவங்க, ஓடி வந்தாங்க. அவங்களுக்கு எங்க இருந்து வந்துச்சுன்னா எனக்கு எப்படித் தெரியும்? வாத்தியாருங்க எல்லாம் இப்படித்தான். ஒரு வார்த்தை கேட்டா ஒன்பது கேள்வி கேட்பீங்க. வெட்டினது மட்டும் வேற ஆளு, தூக்கினது மட்டும் நானான்னு சிரிக்கிறீங்க. சிரிக்கலையா? சரி, சிரிக்கலை. ரெண்டும் நான்தான்னு சொல்ல வைக்கப் பாக்குறீங்க. இல்ல ரெண்டுமே நான் இல்லைன்னு சொன்னா, அப்ப தூக்கினதுக்கு எனக்கு ஒரு பேரும் கிடைக்காது. நல்லா இருக்கு சார் உங்க நியாயம்.

கொஞ்ச நேரம் பேசாம வாங்க.

ஆழியாறு வந்துருச்சு. பஸ் அஞ்சு நிமிஷம் நிக்கும். டீ வாங்கித் தரட்டுமா சார்? இருங்க. இருங்க, அவரு எந்திரிக்கிறாரு. இறங்குறாரா? இல்லை. இந்தப் பக்கம் வர்றாரு. சார், நீங்க எங்கயும் போகாதீங்க. என் பக்கத்துலயே இருங்க.

...

கேட்டீங்களா? கேட்டீங்கள்ல? நீங்கதான் சாட்சி. நான் ஒரு வார்த்தை பேசலை. அவராத்தான் பையிலிருந்து எடுத்து என் மடியில வச்சாரு. ஒரு வருஷம் ரெண்டு மாசம் கழிச்சுப் பேசுற மொத வார்த்தை, 'மாப்ளே.' அப்படியே பழைய குரல்ல. 'மூணு நாப்பது வரைக்கும் எழுதியிருக்கே. மூணு நாப்பத்தஞ்சு காலியா இருக்கு. எழுதிக் குடு. பாத்ததை மட்டும் எழுது. அதைப் படிச்சுட்டு, கூண்டுல என்ன சொல்றதுன்னு நான் முடிவு பண்ணிக்கிறேன்.' அவ்வளவுதான் சொன்னாரு. போய் உக்காந்துட்டாரு. திரும்பிக்கூடப் பாக்கலை.

பொறி வைக்கிறாரு சார்! என் கையெழுத்துல என்னையே எழுத வச்சு, அதைக் கொண்டு போய் ஜட்ஜய்யாகிட்ட நீட்டப் போறாரு. எவ்வளவு பெரிய மூளை பாருங்க. ஆனா ஒண்ணை மறந்துட்டாரு. நோட்டு இப்ப என் கையில! முழுசா! பஸ் கிளம்பிடுச்சு. அந்த ஜன்னலைக் கொஞ்சம் தள்ளுங்க சார். ரோட்டோரம் வாய்க்கால் ஓடுது பாருங்க, தூக்கி எறிஞ்சா முடிஞ்சு போச்சு. எவனும் தேட முடியாது. தள்ளுங்க சார். ஏன் பாக்குறீங்க?

அவருக்கு இது தெரியாதா? நான் எறிஞ்சுடுவேன்னு தெரியாமயா குடுத்தாரு?

இருங்க. ஒருதடவை பாத்துட்டு எறியறேன். பழுப்பா இருக்கிறது அவரு ரத்தம். என் கையெழுத்துதான். கேளுங்க. 'காலை 6.10. தவசி ஓடையைத் தாண்டுகிறார். தனியாக. 6.15. அட்டையை எடுக்கிறார். தனியாக. 7.30. மேலே பார்க்கிறார். எழுதுகிறார். தனியாக.' ஒவ்வொரு வரியிலயும் இந்தத் 'தனியாக' எதுக்கு எழுதினேன்? மேடம் கேட்ட விவரத்துல இது கிடையாதே. ரெண்டாவது நாளும் தனியாக. 'மதியம் 1.00. மேடம் வந்தார். இருவர்.' அன்னைக்கு அதோட நிறுத்திட்டு வீட்டுக்குப் போயிருக்கேன். மூணாவது நாள் மறுபடி தனியாக. தனியாக. தனியாக.

சார், ஒரு நொடிக் கோபம்னு சொன்னேன்ல உங்ககிட்ட.

இதுல ஒரு விஷயம். இந்த மூணு நாள் எழுத்துல ஒரு பொய் கிடையாது. ரெண்டு வருஷம் குரங்கைப் பாத்து எழுதினதுல… பத்துச் சண்டைன்னு எழுதின நாள்ல ஒண்ணு நடந்திருக்கும், சில நாள் அதுவும் இருக்காது. உக்காந்திருக்குன்னு எத்தனை வரி சார் எழுதுறது? மேடம் பெங்களூர்ல இருந்து இவ்வளவு தூரம் வந்திருக்காங்க, ஏதாவது காட்டணும்ல. குரங்குன்னா அடிச்சுக்கும், அதுக்கு ரத்தம் அப்படின்னு நினைச்சேன். பாக்காததை எழுதினேன். யாருகிட்டயும் சொன்னதில்லை இதை. மேடம் கண்டுபிடிச்சதும் மச்சான்தான் சொன்னாருன்னு நினைச்சுக்கிட்டேன். அப்படி நினைச்சுக்கிட்டா சுலபமா இருந்துச்சு.

பேனா இருக்கா சார்? குடுங்க.

மூணு நாப்பத்தஞ்சு. 'தவசி என் வேலையைப் பறித்ததால்…' இல்லை. அது காரணம். அடிச்சுடறேன். 'கோபம் தாங்காமல்…' அதுவும் அதுதான். கோபத்தை யாரு பாத்தா? பஸ் ஆடுது சார், எழுத்து கோணலாப் போகுது. கொஞ்சம் இந்தப் பக்கம் பிடிச்சுக்குங்க. 'தவசி கையை ஓங்கினார்.' போலீஸ்ல இப்படித்தான் குடுத்திருக்கேன். இப்படியே எழுதிட்டா வக்கீலுக்கும் சௌரியம். கையை ஓங்கினார்னு எழுதிடறேன்.

ஓங்கலை சார்.

கை மேல போகலை. நேரா வந்துச்சு, நீட்டமா, என் பக்கமா. உள்ளங்கை மேல் பக்கம் பாத்து. அதுல வாழையிலைக் கிழிசல். ஓங்குற கையில யாராவது இலை வச்சுக்கிட்டு ஓங்குவாங்களா? ஒரு வருஷமா எனக்கு நானே ஓங்கினாரு, ஓங்கினாருன்னு சொல்லிச் சொல்லி, அந்தக் கை என் கண்ணுல மேலயே நின்னுடுச்சு. அவருக்கு மூணு நாளும் தெரிஞ்சிருக்கு சார். நான் பின்னாடி வர்றது மொத நாளே தெரிஞ்சிருக்கு. குரங்கு கண்ணசைச்சாக் கண்டுபிடிக்கிற ஆளு, அம்பது அடியில ஒரு மனுஷனைப் பாக்காம இருப்பாரா? கையில கத்தி இருக்கிறதையும் பாத்திருப்பாரு. பாத்துட்டு, மூணாவது நாள் ரெண்டு பேருக்குச் சேத்துக் கொண்டாந்திருக்காரு.

எழுதிட்டேன், இந்த நாலு வரிக்கே அரை மணி நேரம் ஆயிடுச்சு. படிக்கிறேன், சரியா இருக்கான்னு பாருங்க. '3.45. தவசி திரும்பினார். கையை நீட்டினார். கையில் வாழையிலை, அதில் அவித்த மரவள்ளிக்கிழங்கு இரண்டு துண்டு. மூணு நாளா பின்னாலேயே வர்றியே மாப்ளே, சாப்பிட்டியா என்று கேட்டார். சேர்மக்கனி அந்தக் கையை வெட்டினான்.'

ஏன்னு கேக்காதீங்க சார். அதுக்கு இதுல இடமில்லை. இடமிருந்தாலும் எனக்குத் தெரியலை. ரத்தம்னு எழுதலாம்னா, ரத்தத்தை நான் பாத்தது வெட்டினதுக்கு அப்புறம்தான்.

பேனாவைப் பிடிங்க. கொஞ்சம் காலை நகத்துங்க, நான் போகணும். பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டு வர இன்னும் நாலஞ்சு நிமிஷம்தான் இருக்கும். ஓடுற பஸ்லயே போய்க் குடுத்துடறேன் சார். நின்னுட்டா எனக்கு மனசு மாறிடும்.